பத்துக்கு ஒன்பது: ஒன்று குறைந்த பிள்ளையும் நாமும்



ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறு வெளியாகும் நாட்களில் நம் வீடுகளில் ஓயாது கேட்கும் சொல் ஒன்று உண்டு. ‘வெட்டுப்புள்ளி’ என்பதே அது. இருநூறு புள்ளிகளுக்கு நடக்கும் பரீட்சையில், மாவட்டத்துக்கு மாவட்டமும் மொழிமூலத்துக்கு மொழிமூலமும் வேறுபட்டு ஓர் எண் அறிவிக்கப்படுகிறது. அந்த எண்ணைத் தொட்ட பிள்ளையின் வீட்டில் இனிப்பு வழங்குவார்கள். அதற்கு ஒரே ஒரு புள்ளி குறைந்த பிள்ளையின் வீட்டில் அன்று மாலை யாரும் அதிகம் பேசமாட்டார்கள். கட்டுகஸ்தோட்டையிலிருந்து கலகெதர வழியாகக் குருநாகல் வரை செல்லும் வீதியோரத்துக் கிராமங்கள் எதை எடுத்தாலும், அப்படிப்பட்ட பத்து வயதுப் பிள்ளை ஒன்று ஒவ்வோர் ஆண்டும் இருக்கவே செய்யும்.

அந்தப் பிள்ளைக்கு நாம் என்ன சொல்லுகிறோம்? ‘ஒரு புள்ளிதானே, கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாமே’ என்கிறோம். அல்லது, ‘பரவாயில்லை, விடு’ என்கிறோம். முன்னது பிள்ளையைக் குத்துகிறது. பின்னது அன்பாகச் சொல்லப்பட்டாலும், பிள்ளை பட்ட பாட்டையெல்லாம் கணக்கில் இல்லாததாக்கி விடுகிறது. இவை இரண்டுக்கும் இடையில் உண்மையான சொல் ஒன்று இருக்கிறதா என்பதை இவ்வாரம் ஆராய்வோம். அதற்காக உங்களைச் சற்றுத் தூரம் அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. யப்பான் நாட்டில் 2009ஆம் ஆண்டு பாடசாலை மாணவர் இரு அணியினர் ஆடிய பேஸ்போல் இறுதி ஆட்டம் ஒன்றே நமது பாடம்.

‘பேஸ்போலா? அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்பவர்கள் சித்திரைப் புத்தாண்டு நாட்களில் நம் பக்கத்துக் கிராமங்களில் ஆடப்படும் எல்லே ஆட்டத்தை நினைத்துக்கொள்ளட்டும். மூங்கில் பொல்லினால் பந்தை ஓங்கி அடித்துவிட்டு, நாட்டப்பட்ட கம்பங்களைச் சுற்றி ஓடி வருகிறார்களே, அதுதான் பேஸ்போலுக்கும் அடிப்படை. நமது நாட்டில் இந்த ஆட்டத்தைப் பெரும்பாலும் யப்பானியத் தொண்டர்களே பாடசாலைகளுக்குக் கொண்டுவந்து பழக்கினார்கள். யப்பானின் உதவியோடு தியகமவில் ஒரு பேஸ்போல் மைதானமும் அமைந்தது. இங்கே பிறந்து, இங்கேயே அந்த ஆட்டத்தைப் பழகிய இலங்கையர் ஒருவர், நாம் சொல்லப்போகும் அதே யப்பானிய மைதானத்தில் பின்னாளில் மத்தியஸ்தராகவும் நின்றிருக்கிறார். ஆகவே முற்றிலும் அந்நியமான விடயம் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

ஆட்டத்தின் விதிகளில் நமக்கு வேண்டியவை சிலவே. ஓர் அணிக்கு ஒன்பது பேர். இரு அணிகளும் மாறி மாறி ஒன்பது சுற்றுக்கள் துடுப்பெடுத்தாடும். ஒரு சுற்றில் மூவர் ஆட்டமிழந்தால் அந்த அணியின் சுற்று முடிந்தது. அடித்தவன் நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். பந்தெறிபவன் அடிக்கக்கூடிய எல்லைக்கு வெளியே நான்கு முறை எறிந்துவிட்டால், அடிப்பவன் அடிக்காமலே முதலாம் தளத்துக்கு நடந்து போகலாம். பந்து உடம்பில் பட்டாலும் அப்படியே. எல்லாத் தளங்களிலும் ஆட்கள் நிற்க, ஒருவன் பந்தை வேலிக்கு அப்பால் அடித்தால் நான்கு ஓட்டங்கள் கிடைக்கும். ஒரே அடியில் அதற்கு மேல் யாராலும் பெற முடியாது. இந்த ‘நான்கு’ என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. உதைபந்தாட்டத்தில் கடிகாரம் ஓடுகிறது. முன்னிலையில் இருக்கும் அணி பந்தைத் தட்டித் தட்டி நேரத்தைப் போக்கிவிடலாம். பேஸ்போலில் கடிகாரமே இல்லை. எதிரணியின் கடைசி ஆளையும் ஆட்டமிழக்கச் செய்தாலன்றி வெற்றி இல்லை. எத்தனை ஓட்டங்கள் முன்னிலையில் இருந்தாலும், பந்தைக் கையில் எடுத்து எதிரிக்கு எறிந்தே ஆகவேண்டும். தோற்றுக்கொண்டிருப்பவனுக்கு இவ்வளவு நியாயம் செய்யும் விளையாட்டுக்கள் வேறு அதிகமில்லை என்பது இவ்வெழுத்தாளரின் அபிப்பிராயம்.

கோஷியென்

கோபே, ஒசாக்கா நகரங்களுக்கு இடையே நிஷினோமியா என்ற நகரில் கோஷியென் மைதானம் இருக்கிறது. 1924ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி திறக்கப்பட்டது. 1915இல் தொடங்கிய அகில யப்பான் உயர்தரப் பாடசாலைப் பேஸ்போல் போட்டி அந்த ஆண்டு முதல் ஒவ்வொரு கோடையிலும் அங்கே நடந்து வருகிறது. போர்க்காலத்தில் மட்டும் சில ஆண்டுகள் தடைப்பட்டது. 2020இல் கொரோனாத் தொற்றினால் நிறுத்தப்பட்டது. 2009இல் நாலாயிரத்துக்கும் அதிகமான பாடசாலைகள் மாகாண மட்டத்தில் போட்டியிட்டன. அவற்றுள் நாற்பத்தொன்பது மட்டுமே கோஷியென் வந்தன. ஒரு முறை தோற்றால் மூட்டையைக் கட்டவேண்டியதுதான். தோற்ற பிள்ளைகள் மைதானத்தின் கறுப்பு மண்ணைக் கையால் அள்ளிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு செல்வது அங்கே வழக்கம். ஆகஸ்ட் பதினைந்தாந் திகதி நண்பகலில், போரில் இறந்தவர்களுக்காக ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் ஒரு நிமிடம் மௌனமாக நிற்பார்கள்.

2009 ஆகஸ்ட் 24ஆந் திகதி, திங்கட்கிழமை. இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்த அணிகள் இரண்டு. ஒன்று, நகோயா நகரத்துச் சுக்கியோ பாடசாலை. அதற்கு முன்னரே ஆறு முறை கோடைக் கிண்ணத்தை வென்ற, பேர்போன பாடசாலை. ஆயினும் கடைசியாக வென்றது 1966இல். மற்றது, நீகட்டா நகரத்து நிஹொன் புன்ரி பாடசாலை. நீகட்டா, யப்பான் கடலோரத்தில் பனி கொட்டும் மாகாணம். மாரி காலத்தில் மைதானம் பனியில் புதைந்துவிடும்; பிள்ளைகள் வெளியில் பழக முடியாது. நமது மலைச்சாரல்களில் சமநிலம் தேடியே பாதி நேரம் போய்விடுகிறதே, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் அந்த மாகாணத்து அணிகளை மற்றவர்கள் பெரிதாக எண்ணுவதில்லை. நீகட்டாவிலிருந்து ஓர் அணி இறுதி ஆட்டம் வரை வந்தது அதுவே முதல் தடவை.

புன்ரி அணியின் பயிற்றுநர் ஒயி மிச்சியோ. அவருடைய கதையைத் தனியாகவே எழுதலாம். 1959இல் அவரே மாணவனாக இருந்தபோது, உட்சுனோமியா தொழில்நுட்பப் பாடசாலைக்காக இதே இறுதி ஆட்டத்தில் பந்தெறிந்தார். ஒன்பது சுற்றுக்களில் முடிவு கிடைக்காமல், ஆட்டம் பதினைந்தாவது சுற்றுவரை நீண்டது. அன்று அவருடைய அணி 8-2 என்று தோற்றது. சரியாக ஐம்பது ஆண்டுகள் கழிந்து, தலை நரைத்த மனிதராக, தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அதே இடத்துக்கு வந்திருந்தார்.

ஆட்டத்தின் புள்ளி அட்டையைக் கீழே தருகிறோம். ஒவ்வோர் எண்ணும் ஒரு சுற்றில் பெற்ற ஓட்டங்கள்.

நிஹொன் புன்ரி: 0 1 1 0 0 0 1 1 5 – மொத்தம் 9
சுக்கியோ: 2 0 0 0 0 6 2 0 – மொத்தம் 10

முதற் சுற்றிலேயே சுக்கியோவின் தலைமைப் பந்தெறிபவனான டோபயாஷி ஷோட்டா, துடுப்பெடுத்தாடும்போது பந்தை வேலிக்கு அப்பால் அடித்து இரண்டு ஓட்டங்களைத் தேடித் தந்தான். புன்ரி சளைக்காமல் மூன்றாம் சுற்றுக்குள் சமன் செய்தது. ஆறாம் சுற்றில் அணை உடைந்தது போலாயிற்று. சுக்கியோ ஆறு ஓட்டங்களைக் குவித்தது. ஏழாவதில் மேலும் இரண்டு. எட்டுச் சுற்றுக்கள் முடிந்தபோது கணக்கு 10-4. புன்ரிக்கு எஞ்சியிருந்தது ஒரே சுற்று.

ஒன்பதாம் சுற்று

சுக்கியோ, இடையில் பந்தெறிதலைத் தோழனிடம் விட்டுக் களத்தடுப்புக்குப் போயிருந்த டோபயாஷியை மீண்டும் பந்தெறிய அழைத்தது. ஆறு ஓட்டங்கள் முன்னிலை. மாகாணப் போட்டியிலிருந்து அணியைத் தூக்கிவந்தவனே கடைசிப் பந்தையும் எறியட்டும் என்று எண்ணியிருப்பார்கள். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை.

புன்ரியின் முதல் ஆள் வந்தான்; அடிக்காமலே ஆட்டமிழந்தான். இவனை மறந்துவிட வேண்டாம். இரண்டாவது ஆள் தரையோடு அடித்து ஆட்டமிழந்தான். இன்னும் ஒருவன் விழுந்தால் எல்லாம் முடிந்தது. தளங்களில் யாருமில்லை. ஆறு ஓட்டங்கள் தேவை.

வாசகர்களே, இங்கே சற்று நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே அடியில் பெறக்கூடியது மிஞ்சி மிஞ்சி நான்கு ஓட்டங்கள் என்றோம். தளங்கள் வெறுமையாய் இருக்கும்போதோ ஒன்றே ஒன்று. ஆகவே மூன்றாவதாக வந்த பையன் உலகத்திலேயே பெரிய வீரனாக இருந்தாலும் அணியை அவனால் காப்பாற்ற முடியாது. அவன் செய்யக்கூடிய காரியம் ஒன்றுதான்: கடைசி ஆளாக ஆகாதிருப்பது. தனக்குப் பின்னால் நிற்பவனுக்கு ஒரு வாய்ப்பு வாங்கிக் கொடுப்பது. யப்பானியப் பயிற்றுநர்கள் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நம் மொழியில் ‘தொடுத்தல்’ எனலாம், பூத்தொடுப்பது போல.

அவன் அதைத்தான் செய்தான். அடிக்க ஆசைப்படாமல், எல்லைக்கு வெளியே வந்த நான்கு பந்துகளையும் விட்டுவிட்டு முதலாம் தளத்துக்கு நடந்தான். அடுத்தவன் அடித்த பந்து வெகு தூரம் ஓடிற்று; ஓர் ஓட்டம். 10-5. அதற்கு அடுத்தவன் இன்னும் தூரம் அடித்து மூன்றாம் தளம்வரை ஓடினான். 10-6.

இப்போது வந்தவன் அடித்த பந்து நேராக வானத்தில் எழும்பி, மூன்றாம் தளத்தின் பக்கமாய்க் கோட்டுக்கு வெளியே இறங்கியது. வழமையாகப் பிடிக்கக்கூடிய பந்து. பிடித்திருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். மூன்றாம் தளத்தைக் காத்த பையன் அண்ணாந்து பார்த்தான். பந்து எங்கே என்று தெரியாமல் தடுமாறினான். அது தரையில் விழுந்தது. அந்தப் பையனின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தவறவிட்ட ஒரு பந்தோடு ஒருவன் பெயரை என்றென்றைக்கும் முடிந்துவைப்பது நல்ல பழக்கமன்று. நம் ஊர் மைதானங்களில் இது நிரம்ப நடக்கிறது.

தப்பிப் பிழைத்த துடுப்பாட்டக்காரனின் உடம்பில் அடுத்துப் பந்து பட்டது. அவனும் தளத்துக்குப் போனான். டோபயாஷியால் அதற்கு மேல் முடியவில்லை. வேறொருவன் பந்தெறிய வந்தான். வந்தவனும் நான்கு பந்துகளை வெளியே எறிய, தளங்கள் நிறைந்தன.

அடுத்துத் துடுப்பெடுத்தாட வந்தவன் இத்தோ நவோகி. அன்று புன்ரிக்காகப் பந்தெறிந்து, அந்தப் பத்து ஓட்டங்களைக் கொடுத்தவன் அவனேதான். வெயிலில் களைத்துப் போனவன். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நிறைந்திருந்த மைதானத்தில் ‘இத்தோ, இத்தோ’ என்ற முழக்கம் எழுந்தது. அவனும் பெரிய அடி அடிக்க முயலவில்லை. இடப்பக்கமாகத் தட்டினான்; இருவர் ஓடி வந்தார்கள். 10-8. அவனுக்குப் பின், மாற்று ஆளாக இறக்கப்பட்ட பையன் முதற் பந்தையே அடித்தான். 10-9.

தளங்களில் இன்னும் இருவர். அடுத்து வந்தவன் யார்? சுற்றின் முதல் ஆளாக வந்து ஒன்றும் செய்யாமல் ஆட்டமிழந்தானே, அவன்தான். ஒன்பது பேரும் ஒரு வளையம் சுற்றி முடிந்து மீண்டும் அவனிடமே வந்திருந்தது. அவன் அடித்த பந்து கோடு கீறியது போல் விசையாகப் பறந்தது. ஒரு முழம் தள்ளிப் போயிருந்தால் ஆட்டம் சமன். அது நேரே மூன்றாம் தளத்துப் பையனின் கையுறைக்குள் போய்ப் பதிந்தது. ஆம், சற்று முன் வானத்துப் பந்தைத் தவறவிட்ட அதே பையன். இம்முறை பிடித்துவிட்டான்.

ஆட்டம் முடிந்தது. சுக்கியோ ஏழாவது முறையாக, நாற்பத்து மூன்று ஆண்டுகளின் பின், கிண்ணத்தை வென்றது.

வென்றவன் அழுதான்

அதன் பின்னர் நடந்ததுதான் பார்த்தவர்கள் மனத்தில் அதிகமாகத் தங்கியது. வென்ற அணியின் டோபயாஷியிடம் ஒலிவாங்கியை நீட்டினார்கள். அவன் விம்மி விம்மி அழுதான். கடைசிவரை தானே பந்தெறிய விரும்பியதாகவும், முடியாமற் போனதை எண்ணி வெட்கப்படுவதாகவும், எல்லோரும் மன்னிக்க வேண்டும் என்றும் கூறினான். அகில யப்பானையும் வென்றவன் மன்னிப்புக் கேட்டு நின்றான். மறுபுறத்தில், தோற்ற புன்ரிப் பையன்களின் முகங்களில் சிரிப்பு. இது நடிப்பல்ல. கொடுக்கக்கூடியது எதுவும் கையில் மிச்சமில்லாதபோது வரும் ஒருவகை இலேசான மனம் அது.

இதை வைத்து, ‘தோல்விதான் உண்மையான வெற்றி’ என்று நாம் சொல்லப்போவதில்லை. அது பிள்ளைகளை ஏமாற்றும் பேச்சு. 10-9 என்றால் தோல்விதான். கிண்ணம் நகோயாவுக்கே போயிற்று. பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். நாம் மறைத்தால் நம்மைத்தான் நம்பாமற் போவார்கள்.

அதேபோல், ‘முயன்றால் எப்போதும் மீளலாம்’ என்றும் சொல்வதற்கில்லை. கடைசிச் சுற்றில் ஆறு ஓட்டங்கள் பின்தங்கிய அணிகளில் மிகப் பெரும்பாலானவை பேசாமல் தோற்றே போகின்றன. புன்ரிக்கு அதிர்ஷ்டமும் இருந்தது. அந்த வானத்துப் பந்து பிடிக்கப்பட்டிருந்தால் கணக்கு 10-6 என்று நின்றிருக்கும். இன்று நாம் இதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கவும் மாட்டோம். ஆனால் ஒன்று. அந்தப் பந்து தவறி விழும்வரை ஆட்டத்தை உயிரோடு வைத்திருந்தவர்கள் முன்னே வந்த மூவர். அதிர்ஷ்டம் வந்து பார்த்தபோது வீட்டில் ஆள் இருந்தது.

இவ்விடத்தில் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கையும் அவசியம். கோஷியென் மீதுள்ள மோகம் பல பிள்ளைகளின் தோளையும் முழங்கையையும் கெடுத்திருக்கிறது. கொளுத்தும் வெயிலில் நாள் தவறாமல் நூற்றுக்கு மேற்பட்ட பந்துகளை எறிய வைத்த பயிற்றுநர்களை ஒரு காலம் புகழ்ந்தது. 2020இலேதான், ஒரு பந்தெறிபவன் ஒரு வாரத்தில் 500 பந்துகளுக்கு மேல் எறியக்கூடாது என்ற விதி வந்தது. அதுவும் அதிகம் என்று சொல்லும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். விடாமுயற்சி என்ற பெயரில் பிள்ளையின் எலும்பைத் தின்னக்கூடாது. காலை வகுப்பு, மாலை வகுப்பு, ஞாயிறு வகுப்பு என்று பத்து வயதுப் பிள்ளையை ஓட்டித் திரியும் நாமும் இதைச் சற்று யோசிக்கலாம்.

நம் வீட்டுக் கணக்கு

கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் படித்துப் பந்து வீசிய முத்தையா முரளிதரனை நம்மில் அறியாதார் இல்லை. 2010 ஜூலையில் காலியில் இந்தியாவுக்கு எதிராகத் தமது கடைசி டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கியபோது, எண்ணூறு விக்கெட்டுக்களுக்கு அவருக்கு எட்டு தேவைப்பட்டன. ஏழு கிடைத்துவிட்டன. இந்தியாவின் கடைசி விக்கெட் ஒன்றே எஞ்சி நின்றது. மறுமுனையில் பந்து வீசுபவர் அதைக் கைப்பற்றியிருந்தால், முரளியின் கணக்கு 799 என்று முடிந்திருக்கும். ஜூலை 22ஆந் திகதி அந்த விக்கெட் அவருக்கே கிடைத்தது. நாடே மகிழ்ந்தது, சரிதான். ஆனால் 799இல் நின்றிருந்தால் அவர் எந்த விதத்தில் குறைந்தவராயிருப்பார்? டொன் பிரட்மன் 1948இல் தமது கடைசி இன்னிங்ஸில் நான்கே ஓட்டங்கள் எடுத்திருந்தால் சராசரி நூறாகியிருக்கும். பூச்சியத்தில் ஆட்டமிழந்தார். 99.94 என்ற அந்த எண்ணை உலகம் நூறைவிட நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறது.

பெரியவர்களுக்கு நாம் இந்தத் தாராளத்தைக் காட்டுகிறோம். பத்து வயதுப் பிள்ளைக்குத்தான் காட்டத் தவறுகிறோம்.

வெட்டுப்புள்ளி ஒரு நிர்வாக எண். நல்ல பாடசாலைகளில் இருக்கும் இடங்களும் அரசாங்கம் கொடுக்கும் உதவிப் பணமும் எத்தனை பேருக்குப் போதும் என்பதைக் கொண்டு அது நிர்ணயமாகிறது. அதே புள்ளியைப் பெற்ற பிள்ளை ஒரு மாவட்டத்தில் சித்தியடையலாம். அடுத்த மாவட்டத்தில் தவறலாம். ஆகவே பிள்ளை எவ்வளவு கற்றிருக்கிறது என்பதை அறிய அந்த எண்ணைப் பார்ப்பதில் பயனில்லை. வேறோர் எண்ணைப் பார்க்க வேண்டும். பிள்ளை எங்கே இருந்து புறப்பட்டது?

தை மாதத்துத் தவணைப் பரீட்சையில் தொண்ணூறு எடுத்த பிள்ளை ஈற்றில் வெட்டுப்புள்ளிக்கு ஒன்று குறைய எடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாம் அந்த ஒன்றைப் பற்றியே இரவு முழுதும் பேசுகிறோம். நடுவில் ஏறிவந்த அத்தனை புள்ளிகளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. புன்ரி அணியின் அட்டையில் கடைசிக் கட்டத்தில் ‘5’ என்று இருக்கிறதே, அதை அழித்துவிட்டு ‘தோல்வி’ என்று மட்டும் எழுதுவதற்கு இது ஒப்பானது. பிள்ளையின் பழைய அப்பியாசக் கொப்பிகளை எடுத்து, தையில் பிழைத்த கணக்குகளையும் ஆடியில் சரியாகச் செய்தவற்றையும் பக்கம் பக்கமாகப் பிள்ளையோடு இருந்து பாருங்கள். அதற்கு ஆங்கிலமோ அதிகப் படிப்போ தேவையில்லை. கொழுந்து நிறுத்துப் பழகிய கை எந்த எண் பெரிது என்று அறியும்.

இன்னொரு விடயம், குடும்பத்துக்குள் ‘தொடுப்பது’ பற்றியது. மூத்த பிள்ளை தவறவிட்டதை இளையது எடுத்துத் தரவேண்டும் என்று சில வீடுகளில் சொல்லுவார்கள். இது ஆபத்தான பேச்சு. ஒன்பதாம் சுற்றில் எந்தப் பையனும் முன்னவனின் ஆறு ஓட்டக் கடனைத் தன் தலையில் சுமந்துகொண்டு அடிக்க வரவில்லை. வந்திருந்தால் பெரிய அடிக்கு ஆசைப்பட்டு விழுந்திருப்பான். மூத்தவன் இளையவளுக்குக் கொடுக்கக்கூடியது கடனல்ல. எந்த வினாவில் நேரம் போயிற்று, எந்தப் பகுதியைப் படிக்காமல் விட்டேன் என்று அவன் தன் வாயால் சொல்லிக்கொடுத்தால், அது அவளுக்கு ஒரு தளம் முன்னேறி நிற்பது போல. தவறிய பிள்ளைக்கும், தான் ஒன்றுக்கும் உதவாதவன் அல்ல என்பது அப்போதுதான் விளங்கும்.

ஒயி மிச்சியோவைப் பற்றி மீதியையும் சொல்லிவிடலாம். அவர் 2009இன் பின்னரும் அதே பாடசாலையில் பயிற்றுநராக இருந்தார். 2014இல் மீண்டும் ஓர் அணியைக் கோஷியெனுக்கு அழைத்து வந்தார். அரையிறுதி வரை போய்த் தோற்றார்கள். 2017ஆம் ஆண்டு கோடையோடு ஓய்வு பெற்றார். மாணவனாக ஒரு முறை, பயிற்றுநராக ஒரு முறை இறுதி ஆட்டத்தில் நின்ற அவருடைய கைக்குக் கிண்ணம் வரவேயில்லை. டோபயாஷி தொழில்முறை ஆட்டக்காரனாகி ஹிரோஷிமா அணியில் சேர்ந்தான். அங்கே பந்தெறிவதை விட்டுத் துடுப்பாட்டக்காரனானான்.

இவ்வாரம் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வீட்டில் செய்து பார்ப்பதற்கு: மேலே தந்த புள்ளி அட்டையை ஒரு தாளில் பெரிதாக எழுதுங்கள். விதிகளைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். எல்லே ஆடிய பிள்ளைகளுக்கு இரண்டு நிமிடம் போதும். பின்னர், அந்த ஒன்பதாம் சுற்றில் வந்த பையன்களுள் யாராக இருக்க விரும்புகிறாய் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேளுங்கள். நான்கு பந்துகளையும் விட்டுவிட்டு நடந்து போனவனா, பத்து ஓட்டங்களைக் கொடுத்த பிறகும் இரண்டைத் திருப்பி வாங்கிய இத்தோவா, முதலாவதாகவும் கடைசியாகவும் ஆட்டமிழந்தவனா, பந்தைத் தவறவிட்டுப் பின் பிடித்தவனா, வென்றுவிட்டு அழுதவனா? பிள்ளை சொல்லும்போது இடையில் திருத்த வேண்டாம். அப்பாவும் அம்மாவும் தங்கள் பங்குக்குப் பதில் சொல்லுங்கள்.